பாம்பு பிடிக்க வரும் தம்பிக்கு யார் பாதுகாப்பு?

ராத்திரி பத்து மணிக்கு அடுப்படியில் பாம்பு தெரிந்தால் நாம் முதலில் செய்வது என்ன? கதவைச் சாத்திவிட்டு வெளியே ஓடி வருகிறோம். அடுத்ததாகப் பக்கத்து வீட்டில் கேட்கிறோம்: "அந்தப் பாம்பு பிடிக்கிற தம்பி நம்பர் இருக்கா?" குயிலாப்பாளையம், இரும்பை, எடையஞ்சாவடி, பொம்மையார்பாளையம் என்று வானூர் வட்டத்தில் எந்த ஊரை எடுத்துக்கொண்டாலும் இப்படி ஒரு தம்பியின் நம்பர் யாராவது ஒருவர் போனில் இருக்கும்.

பகலில் அவருக்கு வேறு வேலை. மெக்கானிக்காக இருக்கலாம், டிரைவராக இருக்கலாம், கல்லூரி மாணவராகவும் இருக்கலாம். கூப்பிட்டால் பைக்கில் வருவார், பாம்பைப் பிடிப்பார், பெட்ரோலுக்குக் கொடுத்தால் வாங்கிக்கொள்வார், சில பேர் அதையும் வாங்க மாட்டார்கள். நாம் கைதட்டுவோம், ஒரு போட்டோ எடுப்போம், மறுநாள் மறந்துவிடுவோம். அந்தத் தம்பியைப் பாம்பு கடித்துவிட்டால் என்ன ஆகும் என்று மட்டும் யாரும் கேட்பதில்லை. அந்தக் கேள்வியை இப்போதாவது கேட்டாக வேண்டும்.

இந்தப் பக்கம் ஏன் இவ்வளவு பாம்பு?

ஐம்பது, அறுபது வருடங்களுக்கு முன்பு குயிலாப்பாளையம் பக்கம் செம்மண் மேடும் பனை மரமும்தான் அதிகம். மழைத் தண்ணீர் மண்ணை அரித்துக் கடலுக்குக் கொண்டுபோன பூமி இது. 1968-ல் ஆரோவில் தொடங்கிய பிறகு பல ஆண்டுகள் மரம் நட்டார்கள், வரப்பு போட்டுத் தண்ணீரைத் தேக்கினார்கள். இன்று அது காடு. காடு வந்தால் அதில் வாழ்கிற உயிர்களும் வரத்தான் செய்யும். முந்திரித் தோப்பு, கீற்றுக் கொட்டகை, கட்டிப் பாதியில் நிற்கிற வீடு, குப்பை, குப்பையைத் தேடி வரும் எலி, எலியைத் தேடி வரும் பாம்பு எல்லாம் ஒன்றன் பின் ஒன்றாக வருகின்றன.

மழைக்காலத்தில் நிலைமை இன்னும் மோசம். 2024 நவம்பர் 30 அன்று ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்தபோது, புதுச்சேரியில் ஒரே நாளில் ஏறத்தாழ 48 செ.மீ. மழை கொட்டியது. விழுப்புரம் மாவட்டத்தின் பெரும்பகுதி தண்ணீரில் நின்றது. வளைக்குள் தண்ணீர் புகுந்தால் பாம்புக்கும் மேட்டு நிலம்தான் கதி. நம் வீடும் மேட்டில்தான் இருக்கிறது. அந்த மாதிரி நாட்களில் இந்தத் தம்பிகளின் போன் ஓயாது. தூக்கமில்லை, ஈரத் துணி, இருட்டு, கரண்ட் இல்லை. தவறு நடக்க இதைவிடத் தோதான நேரம் கிடையாது.

கோட்டயமும் கோவையும் சொல்வது என்ன?

கேரளத்தில் வாவா சுரேஷைத் தெரியாதவர்கள் குறைவு. ஆயிரக்கணக்கான பாம்புகளைப் பிடித்தவர். 2022 ஜனவரி 31 அன்று கோட்டயம் மாவட்டம் குறிச்சியில் ஒரு நாகப்பாம்பைப் பிடித்துச் சாக்குக்குள் விட முயன்றபோது அது அவர் தொடையில் கடித்தது. சுற்றி நின்றவர்கள் எடுத்த வீடியோ நாடு முழுக்கப் பரவியது. கோட்டயம் மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் வென்டிலேட்டர் வரை போய்த்தான் பிழைத்து வந்தார்.

2025 மார்ச்சில் கோவையில் நடந்தது அப்படி முடியவில்லை. பல ஆண்டு அனுபவம் உள்ள ஒரு பாம்பு மீட்பாளர், குடியிருப்புப் பகுதியில் நாகப்பாம்பைப் பிடிக்கும்போது கடிபட்டார். மருத்துவமனையில் சேர்த்தும் காப்பாற்ற முடியவில்லை. அவரை நம்பி ஒரு குடும்பம் இருந்தது.

இரண்டு பேருமே புதியவர்கள் இல்லை என்பதை இங்கே கவனிக்க வேண்டும். "அவருக்கு எல்லாம் பழக்கம், ஒண்ணும் ஆகாது" என்று நாம் சொல்வது வெறும் ஆறுதல் பேச்சு. அமெரிக்காவின் பாம்பு ஆய்வாளர் ஜோ ஸ்லோவின்ஸ்கி 2001 செப்டம்பரில் மியான்மர் காட்டில் இறந்தார். விஷமில்லாத இனம் என்று எண்ணப்பட்ட ஒரு சின்னப் பாம்பு கட்டுவிரியன் குடும்பத்தைச் சேர்ந்ததாக இருந்தது. உடன் வந்தவர்கள் மணிக்கணக்கில் வாயால் மூச்சு கொடுத்துப் பார்த்தார்கள். மருத்துவ உதவி வந்து சேரவில்லை. உலகம் அறிந்த நிபுணருக்கே பாம்பை அடையாளம் காண்பதில் ஒரு நொடித் தவறு நேரும் என்றால், இருட்டில் டார்ச் வெளிச்சத்தில் பார்க்கிற நம் தம்பிக்கு நேராதா?

கடிபட்டுப் பிழைத்தவருக்கு அடுத்த முறை உடம்பு தாங்கும் என்றும் ஒரு நம்பிக்கை ஊரில் உண்டு. உண்மை பெரும்பாலும் நேர்மாறானது. திரும்பத் திரும்ப விஷத்தோடு உடம்புக்குத் தொடர்பு வரும்போது சிலருக்கு ஒவ்வாமை உருவாகும். அடுத்த கடியில் விஷம் வேலை செய்யும் முன்பே ஒவ்வாமை ஆளைச் சாய்த்துவிடலாம். எதிர்நஞ்சு மருந்துக்கே ஒவ்வாமை வருவதும் உண்டு. ஆகவே நாலு முறை கடிபட்டவர் நமக்கு வீரராகத் தெரியலாம், மருத்துவரின் கண்ணில் அவர் கூடுதல் ஆபத்தில் இருப்பவர்.

சட்டம் யார் பக்கம்?

1972-ஆம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தில் 'வேட்டை' என்ற சொல்லுக்குள் உயிரினத்தைப் பிடிப்பதும் அடங்கும். 2022-ல் சட்டம் திருத்தப்பட்ட பிறகு நாகப்பாம்பு, கண்ணாடி விரியன் மட்டுமல்ல, சாரைப்பாம்பும் முதல் பட்டியலில் இருக்கிறது. அதாவது புலிக்கும் யானைக்கும் உள்ள அதே உயர்ந்த பாதுகாப்பு. வனத்துறையின் அனுமதியோ ஒப்புதலோ இல்லாமல் பிடிப்பவர் சட்டத்தின் பார்வையில் சிக்கலில்தான் இருக்கிறார்.

ஆனால் நடைமுறையில் என்ன நடக்கிறது? தீயணைப்பு வாகனம் வர வேண்டும், இல்லை வனத்துறை ஊழியர் திண்டிவனம் பக்கமிருந்து வந்து சேர வேண்டும். அதற்குள் பாம்பு சந்துக்குள் போய்விடும், அல்லது யாராவது கட்டையை எடுத்துவிடுவார்கள். அதனால் எல்லோரும் இந்தத் தம்பியைத்தான் கூப்பிடுகிறார்கள், பொதுமக்கள் மட்டும் அல்ல, பல நேரம் அரசு ஊழியர்களும்தான். ஒழுங்காகப் பிடித்துக் கொடுத்தால் "நம்ம தம்பிதான்". கடி வாங்கினால் "உன்னை யாருப்பா கையால புடிக்கச் சொன்னது?" வேலை வாங்கும்போது இருக்கிற உரிமை, விபத்து நடக்கும்போது காணாமல் போகிறது. இந்த இரட்டை நிலைதான் என் முக்கியமான புகார்.

கேரள வனத்துறை 2020-ல் 'சர்ப்ப' என்ற செயலியைக் கொண்டுவந்தது. பயிற்சி கொடுத்துச் சான்றிதழ் பெற்ற தன்னார்வலர்கள் மட்டுமே பாம்பு பிடிக்கலாம் என்று விதி செய்தார்கள். கொக்கி, குழாய், பை என்று கருவிகளோடு பிடிக்கும் முறையைக் கற்றுக்கொடுத்தார்கள். வெறுங்கையில் வாலைப் பிடித்துத் தூக்கி ஆட்டம் காட்டுவதற்கு அங்கே இடமில்லை. குறை இல்லாத ஏற்பாடு என்று சொல்லவில்லை. ஆனால் யார் பிடிக்கிறார், எப்படிப் பிடிக்கிறார், எங்கே விடுகிறார் என்பதற்கு ஒரு பதிவு இருக்கிறது.

தமிழ்நாட்டில் இதற்கான அறிவு இல்லாமல் இல்லை. மாமல்லபுரம் சாலையில் வடநெம்மேலியில் இருளர் பாம்புபிடிப்போர் தொழில் கூட்டுறவுச் சங்கம் 1978 முதல் இயங்குகிறது. நாட்டின் எதிர்நஞ்சு தயாரிப்புக்குத் தேவையான விஷத்தில் பெரும்பங்கு அங்கிருந்துதான் போகிறது. அந்தச் சமூகத்தின் வடிவேல் கோபாலுக்கும் மாசி சடையனுக்கும் 2023-ல் பத்மஸ்ரீ கிடைத்தது. மலைப்பாம்பு பிடிக்க அமெரிக்காவின் புளோரிடா வரை அவர்களை அழைத்துப் போனார்கள். திண்டிவனம், வானூர் பக்கமும் இருளர் குடும்பங்கள் நிறைய வாழ்கின்றன. மீட்புத் தன்னார்வலர்களுக்குப் பயிற்சி என்றால், சம்பளம் கொடுத்து ஆசிரியராக உட்கார வைக்க வேண்டியது இவர்களைத்தான்.

கடிபட்டால் அடுத்த அரைமணி நேரம்

இந்தியாவில் 2000 முதல் 2019 வரை பாம்புக்கடியால் சுமார் 12 லட்சம் பேர் இறந்திருக்கலாம், ஆண்டுக்குச் சராசரியாக 58,000 பேர் என்பது ஆய்வாளர்களின் மதிப்பீடு. இந்த இறப்புகளை 2030-க்குள் பாதியாகக் குறைப்பதற்கு மத்திய அரசு 2024 மார்ச்சில் தேசியச் செயல்திட்டம் ஒன்றை வெளியிட்டது. அதே ஆண்டு நவம்பரில் தமிழ்நாடு அரசு, பாம்புக்கடியை மருத்துவமனைகள் கட்டாயம் அறிவிக்க வேண்டிய ஒன்றாக ஆக்கியது. நல்ல முடிவு. அந்தப் பதிவில் 'மீட்புப் பணியில் கடிபட்டவர்' என்று ஒரு கட்டமும் இருந்தால், எத்தனை தன்னார்வலர்கள் கடிபடுகிறார்கள் என்பது முதல்முறையாகக் கணக்கில் வரும்.

குயிலாப்பாளையத்துக்கு ஒரு வசதி உண்டு. புதுச்சேரி ஜிப்மர் பக்கம்தான். முண்டியம்பாக்கம் மருத்துவக் கல்லூரியும் திண்டிவனம் அரசு மருத்துவமனையும் அதைவிடத் தள்ளி இருக்கின்றன. ஆனால் பக்கத்தில் ஆஸ்பத்திரி இருப்பது மட்டும் போதாது. யார் வண்டி ஓட்டுவது, எந்த வழியில் போவது, எந்த ஆஸ்பத்திரியில் மூச்சுக் கருவி இருக்கிறது என்பதெல்லாம் கடிபட்ட பிறகு யோசிக்கிற விஷயங்கள் இல்லை. நாகமும் கட்டுவிரியனும் நரம்பைத் தாக்கும். மூச்சு நின்றுபோகலாம். எதிர்நஞ்சோடு மூச்சுக் கருவியும் தேவைப்படலாம். கண்ணாடி விரியனும் சுருட்டை விரியனும் ரத்தம் உறையாமல் செய்துவிடும். நம் நாட்டில் கிடைக்கும் எதிர்நஞ்சு இந்த நான்கு பாம்புகளுக்கும் சேர்த்துத் தயாரிக்கப்படுவது. ஆகவே அடையாளம் காட்டுவதற்காகப் பாம்பை ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு போக வேண்டியதில்லை.

செய்யக் கூடாதவை எல்லோருக்கும் தெரிந்தவைதான். இருந்தாலும் பதற்றத்தில் மறந்துபோகும். கீறக் கூடாது, வாயால் உறிஞ்சக் கூடாது, கயிற்றால் இறுக்கிக் கட்டக் கூடாது, நாட்டு மருந்து என்று நேரத்தைக் கடத்தக் கூடாது. மோதிரம், வாட்ச், காப்பு எல்லாவற்றையும் கழற்ற வேண்டும். கடிபட்ட கையையோ காலையோ அசையாமல் வைத்துக்கொண்டு, நடக்க விடாமல் தூக்கிப் போக வேண்டும். முக்கியமாக, கடிபட்டவரே பைக் ஓட்டிக்கொண்டு போகக் கூடாது. தனியாக வந்த தம்பிக்கு அந்த நேரத்தில் வேறு வழியே இருக்காது. தனியாகப் போகாதே என்று சொல்வதற்குக் காரணம் இதுதான்.

கட்டுவிரியன் கடித்தால் வலியே தெரியாமல் இருக்கும். பல் பட்ட அடையாளமும் தெரியாமல் போகலாம். "லேசா உரசிச்சு, ஒண்ணும் இல்லை" என்று வீட்டுக்குப் போய்ப் படுத்தவர் விடியற்காலையில் வயிற்றுவலியோடும் கண் இமை தூக்க முடியாமலும் எழுந்திருப்பார். சந்தேகம் வந்தாலே ஆஸ்பத்திரியில் கண்காணிப்பில் இருப்பதுதான் புத்திசாலித்தனம். அதில் கௌரவக் குறைச்சல் ஒன்றும் இல்லை.

பாம்பு மட்டும்தானா ஆபத்து?

இல்லை. மீட்புப் பணி என்றதும் நமக்குப் பாம்பு ஞாபகம் வருகிறது. ஆனால் அடிபட்ட குரங்கு, மரநாய், கீரி, நரி, வௌவால் எல்லாவற்றுக்கும் இதே தம்பியைத்தான் கூப்பிடுகிறோம். பாலூட்டி எதுவானாலும் ரேபிஸ் நினைவில் இருக்க வேண்டும். அறிகுறி தோன்றிவிட்டால் ரேபிஸிலிருந்து பிழைப்பது ஏறத்தாழ நடக்காத காரியம். கடியோ கீறலோ பட்டால் சோப்புப் போட்டு, ஓடும் தண்ணீரில் கால் மணி நேரம் கழுவிவிட்டு, அன்றைக்கே ஊசிக்குப் போக வேண்டும். இந்த வேலையில் இருப்பவர்கள் கடிபடும் முன்பே தடுப்பூசி போட்டுக்கொள்வது இன்னும் நல்லது. அப்படிப் போட்டவருக்குப் பின்னால் கடி விழுந்தால் இரண்டு ஊசியோடு வேலை முடியும், காயத்தைச் சுற்றிப் போடும் இம்யூனோகுளோபுலின் தேவைப்படாது. எத்தனை மீட்பாளர்கள் இதைப் போட்டிருக்கிறார்கள் என்று உங்கள் ஊர்த் தம்பியிடம் கேட்டுப் பாருங்கள்.

ஊசுட்டேரியும் கழுவெளியும் பக்கத்தில் இருப்பதால் பறவைகளும் மீட்புக்கு வரும். கூட்டமாகச் செத்துக் கிடக்கும் பறவைகளைக் கையுறையும் முகக்கவசமும் இல்லாமல் தொடக் கூடாது, கால்நடைத் துறைக்குத் தகவல் சொல்ல வேண்டும். பழந்தின்னி வௌவாலையும் வெறுங்கையால் எடுக்கக் கூடாது. 2018-ல் கோழிக்கோட்டில் பரவிய நிபா வைரஸ் அவற்றின் உடம்பில் வாழ்வது. அதற்காக வௌவாலை அடித்து விரட்ட வேண்டியதில்லை, கையுறை போட்டால் போதும்.

விலங்கோடு சம்பந்தமே இல்லாத ஆபத்துகளும் உண்டு. மாஞ்சா நூலில் சிக்கிய ஆந்தைக்காகக் கரண்ட் கம்பிக்குப் பக்கத்தில் ஏறுவது, பாழுங்கிணற்றில் விழுந்த நரிக்காகக் கயிறு கட்டி இறங்குவது, ராத்திரியில் ஹெல்மெட் இல்லாமல் கிழக்குக் கடற்கரைச் சாலையில் பைக்கை விரட்டுவது. பாழுங்கிணற்றில் விஷவாயு இருக்கலாம். மின்கம்பத்தில் ஏற மின்வாரிய ஊழியர் வர வேண்டும், கிணற்றில் இறங்கத் தீயணைப்பு வீரர் வர வேண்டும். "முடியாது, காத்திருப்போம்" என்று சொல்லத் தெரிந்தவர்தான் நல்ல மீட்பாளர்.

என்ன செய்யலாம்?

முதலில் அரசு. வட்ட அளவில் பயிற்சி, அடையாள அட்டை, தரமான கொக்கி, குழாய்ப் பை, கணுக்காலுக்கு மேல் வரும் பூட்ஸ், தலையில் மாட்டும் விளக்கு. இவற்றுக்கு ஆகும் செலவு ஓர் அரசு விழாவின் பந்தல் செலவுக்குள் அடங்கிவிடும். ஆண்டுக்கு ஒருமுறை மருத்துவப் பரிசோதனை, இலவச ரேபிஸ் தடுப்பூசி. வனத்துறையின் அழைப்பில் போகும்போது நேரும் விபத்துக்கு வனத்துறையே பொறுப்பு என்று எழுத்தில் ஓர் ஆணை.

இரண்டாவது, தன்னார்வலர்களே செய்துகொள்ளக்கூடியது. தனியாகப் போகாதீர்கள். சாக்குப்பையைக் கையில் பிடித்துக்கொண்டு பாம்பை உள்ளே விடாதீர்கள். பிடிப்பதைவிடப் பைக்குள் விடுகிற நொடி எவ்வளவு ஆபத்தானது என்பதற்கு வாவா சுரேஷுக்கு நடந்தது ஒன்றே போதும். குடித்திருந்தால், காய்ச்சலாக இருந்தால், தூக்கம் இல்லாமல் இருந்தால் போகாதீர்கள். பிடித்த பாம்பைக் கழுத்தில் போட்டுப் படம் எடுக்காதீர்கள்.

இன்னொன்று. வங்கிக் கணக்கு இருந்தால் போதும், பிரதமரின் சுரக்ஷா பீமா திட்டத்தில் ஆண்டுக்கு 20 ரூபாய்தான். விபத்தில் இறந்தால் குடும்பத்துக்கு 2 லட்சம். பாம்புக்கடிக்கும் பொருந்தும், ஆனால் கடிபட்ட உடனே ஆஸ்பத்திரிக்குப் போனதற்கான பதிவு வேண்டும். 2 லட்சம் ஒரு உயிருக்கு ஈடாகாது. அதற்காக அதையும் விட்டுவிடுவானேன்?

மூன்றாவது நாம். பாம்பு எங்கே இருக்கிறது என்று தூரத்திலிருந்து பார்த்துக்கொண்டே இருங்கள். இடத்தை அடைசல் இல்லாமல் வெளிச்சமாக வையுங்கள். கூட்டம் சேர்க்காதீர்கள். "தலைவா, படம் எடுக்க வை, ஒரு ரீல்ஸ் போடணும்" என்று கேட்காதீர்கள். கோட்டயத்தில் அத்தனை போன்கள் படம் பிடித்தன, ஒன்றுகூட அந்தக் கடியைத் தடுக்கவில்லை. வந்தவருக்குப் பெட்ரோல் காசு கொடுங்கள். அவர் கிளம்பும்போது "போய்ச் சேர்ந்ததும் ஒரு போன் பண்ணுப்பா" என்று சொல்லுங்கள்.

விதி போட்டால் ஆள் வருவாரா?

இப்படியெல்லாம் சான்றிதழ், பயிற்சி என்று ஆரம்பித்தால் சும்மா உதவிக்கு வருகிறவர்களும் வர மாட்டார்கள், ஜனங்கள் பாம்பை அடித்தே கொன்றுவிடுவார்கள் என்று ஒரு வாதம் இருக்கிறது. அதைத் தள்ளிவிட முடியாது. அலுவலகத்துக்கு நாலு முறை நடக்க வைத்து, சான்றிதழ் இல்லை என்று வழக்குப் போடுகிற விதியாக இருந்தால் அப்படித்தான் ஆகும். அதனால்தான் பயிற்சி தம்பிகளைத் தேடி வானூருக்கே வர வேண்டும் என்கிறேன். ஏற்கெனவே பிடித்துக்கொண்டிருப்பவர்களை முதலில் சேர்க்க வேண்டும், அவர்கள் பயிற்சி முடிக்க அவகாசம் தர வேண்டும். தண்டிப்பதற்காக இல்லாமல் பாதுகாப்பதற்காக விதி வந்தால் ஆட்கள் ஓட மாட்டார்கள். தீயணைப்பு வீரருக்குத் தலைக்கவசம் கொடுத்ததால் யாரும் அந்த வேலைக்கு வராமல் போய்விட்டார்களா?

இந்தத் தம்பிகளை நாம் வீரர் என்று கூப்பிடப் பழகிவிட்டோம். வீரர் என்றால் அவருக்கு நாம் எதுவும் செய்ய வேண்டியதில்லை, கைதட்டினால் போதும். வேலை செய்பவர் என்று நினைத்துப் பார்த்தால்தான் கருவி, பயிற்சி, ஊசி, காப்பீடு எல்லாம் நம் கடமை என்று புரியும். அடுத்த வடகிழக்குப் பருவமழைக்கு முன்பு ஒவ்வொரு ஊராட்சியும் கிராம சபையில் இதற்கு ஒரு தீர்மானம் போடலாம். நம் ஊரில் பாம்பு பிடிப்பவர்கள் யார் யார், அவர்களிடம் என்ன கருவி இருக்கிறது, அவர்களைப் பாம்பு கடித்தால் எந்த வண்டி, எந்த ஆஸ்பத்திரி என்று ஒரு பக்கத்தில் எழுதிவிடலாம்.